மண்ணுக்கும் கூலி கொடு!

தறிக்காரனுக்குக் கூலி குறைந்தால் குடும்பம் வாடும். மண்ணும் அப்படித்தான். நெல்லோடு அதன் சத்தும் மூட்டை ஏறிப் போகிறது. யூரியா தழைச்சத்தை மட்டுமே தரும்; மண்ணில் மட்கைச் சேர்க்காது. தக்கைப்பூண்டை விதைத்து, சுமார் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் இரண்டும் கிடைக்கும். அதன் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனையே உரமாக்குகின்றன. ஏரி வண்டலும் வயலுக்கு நல்ல உணவு.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பேசுகிறது. பெருமைதான்! ஆனால் சொந்த நிலமும் மனையும் இல்லாதவனுக்கு அதில் இடமில்லை. நிலமின்றி உழுதவன் அன்று வெளியே நின்றான். இன்றும் நிற்பதா? வண்டலும் தக்கைப்பூண்டு விதையும் பட்டாதாரரோடு நில்லாமல் குத்தகை விவசாயிக்கும் கிட்ட வேண்டும். ஊர்தோறும் ஒன்றுகூடிக் கேளுங்கள்!