பிரஷர் வந்தப்புறம் முடிவு எடுக்காதீங்க, முன்னாடியே எடுத்து வையுங்க!



2020 மார்ச் 23. ஒரே நாளில் சென்செக்ஸ் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. கிட்டத்தட்ட 13 சதவீதம். பயத்துல எஸ்ஐபி-யை நிறுத்தினவங்க உங்க ஆபீஸ்லயும் இருந்திருப்பாங்க. சுமார் 26,000-ல் முடிந்த அதே சென்செக்ஸ், அடுத்த ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது.

நிறுத்தினவங்களுக்கு கம்பவுண்டிங் தெரியாதா? நல்லாவே தெரியும். எக்செல் ஷீட் போட்டு 20 வருஷக் கணக்கே வச்சிருப்பாங்க. ஆனா தெரிஞ்சதை பதற்றமான நேரத்துல செய்ய முடியலை. இது அறிவுப் பிரச்சினை இல்லை, பர்ஃபார்மன்ஸ் பிரச்சினை. அதனாலதான் பண விஷயத்துல நாம விளையாட்டு வீரர்கள்கிட்ட கத்துக்கணும்னு சொல்றேன்.

நம்ம சென்னை குகேஷை எடுத்துக்குங்க. 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் சாம்பியன்ஷிப். வயசு 18. முதல் ஆட்டமே தோல்வி. 11-வது ஆட்டத்தில் ஜெயிச்சு முன்னிலைக்கு வந்தார், அடுத்ததுலயே தோற்றார். கடைசி 14-வது ஆட்டத்தில்தான் பட்டம் கிடைச்சது. அவர் குழுவில் பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளர் இருந்தார். 2011 உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியோடும் வேலை செய்தவர் இவர்.

ஆட்டம் தொடங்கும் முன் குகேஷ் காய்களை நேராக்கி வச்சு, கண்ணை மூடி உட்கார்றதை நேரலையில பார்த்திருப்பீங்க. அதுதான் ரொட்டீன். மனசு எப்படி இருந்தாலும், அடுத்து செய்ய வேண்டியது ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

"பாசிட்டிவா இரு, எல்லாம் சரியாயிடும்"ங்கிற அட்வைஸ்ல எனக்கு நம்பிக்கை இல்லை. பயம் வரத்தான் செய்யும். வரும்போது கை என்ன செய்யணும்ங்கிறதுதான் கேள்வி. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். "நல்லா சேமிப்பேன்"னு பொதுவா நினைக்கிறதைவிட, "இப்படி நடந்தா, இப்படிச் செய்வேன்"னு குறிப்பா முடிவு பண்ணி வைக்கிறது நல்லா வேலை செய்யுதுங்கிறது அவர் கண்டது.

நம்ம வாழ்க்கைக்கு இதை இப்படி மாத்திக்கலாம்:

மார்க்கெட் விழுந்தா: ஒரு வாரத்துக்கு ஆப்-ஐத் திறக்க மாட்டேன். எஸ்ஐபி அது பாட்டுக்கு ஓடட்டும்.

அப்ரைசல்ல குறைவான தொகை சொன்னா: அங்கேயே "ஓகே சார்" சொல்ல மாட்டேன். "யோசிச்சு நாளைக்கு மெயில் பண்றேன்"னு மட்டும் சொல்வேன்.

"போலீஸ் பேசுறோம், உடனே பணம் அனுப்பு"னு போன் வந்தா: கட் பண்ணிட்டு 1930-க்கு அடிப்பேன். "டிஜிட்டல் அரெஸ்ட்"னு நம்ம சட்டத்துல ஒண்ணு இல்லவே இல்லை.

சேல்ல "இன்னும் 10 நிமிஷம்தான்"னு காட்டினா: கார்ட்ல போட்டுட்டு, காலையில் பார்ப்பேன்.

கவனிச்சீங்களா? எதுக்குமே தனி மன உறுதி தேவையில்லை. அந்த நிமிஷத்துல புதுசா யோசிக்க வேண்டிய வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். சம்பளத்துல பாதிக்கு மேல இஎம்ஐ-க்கே போகுது, கையில ஒரு மாசச் செலவுக்குக்கூடப் பணம் இல்லைன்னா, எந்த மூச்சுப் பயிற்சியும் தூக்கம் தராது. அது மனசோட பலவீனம் இல்லை, கணக்கு இடிக்குது. முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட். ஆறு மாசச் செலவு இலக்கு. ஒரு மாசச் செலவுல ஆரம்பிச்சாலும் போதும். குகேஷும் வெறும் தைரியத்தோட போய் உட்காரலை, பல வருஷப் பயிற்சியோட உட்கார்ந்தார். நமக்கு அந்தப் பயிற்சி, பேங்க்ல இருக்கிற அந்தப் பணம்தான்.

இன்னைக்கு ராத்திரி போன்ல நோட்ஸைத் திறங்க. உங்களை அதிகமா பதற வைக்கிற மூணு சூழ்நிலை, ஒவ்வொண்ணுக்கும் எதிரே ஒரே ஒரு வரி. நிதானமா இருக்கிற நீங்க, பதற்றத்துல இருக்கப் போற உங்களுக்கு எழுதற லெட்டர் அது. மார்க்கெட் அமைதியா இருக்கும்போதே எழுதிடுங்க.