வாடகை வரம்பும் ஓட்டைகளும்
வாடகை உச்சவரம்புச் சட்டத்தை 2029 இறுதிவரை நீட்டித்து ஜெர்மனி நாடாளுமன்றம் 2025 ஜூன் 26 அன்று எடுத்த முடிவு வரவேற்கத்தக்கது. ஆனால் சட்டத்தில் ஓட்டைகள் இருக்கும்வரை, ஆதரித்து வாக்களித்ததையே உறுப்பினர்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை. ஆளும் கூட்டணிக் கட்சிகளோடு பசுமைக் கட்சியும் ஆதரித்தது. ஏஎஃப்டி கட்சி எதிர்த்தது, இடதுசாரிக் கட்சி ஒதுங்கி நின்றது. 2015இல் வந்த இந்த ஏற்பாட்டின்படி, வீட்டு நெருக்கடியுள்ள நகரங்களில் புதிதாகக் குடிவருபவரிடம் அப்பகுதியின் ஒப்பீட்டு வாடகையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 2014 அக்டோபருக்குப் பிறகு முதன்முதலாகக் குடியமர்த்தப்பட்ட கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. கட்டுமானம் முடங்கக் கூடாது என்று இதற்குச் சொல்லப்படும் வாதத்தில் நியாயம் இருக்கிறது. தற்காலிக வாடகைக்கும் விலக்கு என்பதற்கு அந்தச் சமாதானம் செல்லாது. கட்டிலும் மேசையும் போட்டுக் கொடுப்பவர், அதற்கென எவ்வளவு கூட்டி வாங்குகிறார் என்பதைப் பிரித்துக் காட்டவும் வேண்டியதில்லை. வரம்பை மீறினால் அபராதமும் கிடையாது. குடியிருப்பவரே கணக்குப் பார்த்து ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். மாதக்கணக்கில் அலைந்து சாவி வாங்கியவர் உடனே வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பாரா? அபராதம் குறித்துப் பரிந்துரைக்கும் வல்லுநர் குழுவுக்குக் கூட்டணி ஒப்பந்தம் 2026 இறுதிவரை அவகாசம் தந்திருக்கிறது. இந்த ஓட்டைகளை அடைக்கும் மசோதா அவைக்கு வரும்போது, ஒவ்வோர் உறுப்பினரின் பெயரும் பதிவாகும் வாக்கெடுப்பே நடக்க வேண்டும். ஒரு கட்சிக் குழு கோரினாலே போதும், விதி இடம் தருகிறது, உறுப்பினர்களே, கோருங்கள்.