பதினான்கு வருஷ சர்வீஸுக்குப் பூஜ்யமா?



வேலூர் பக்கம் பெண் பார்க்கும் பேச்சில் "மாப்பிள்ளை மிலிட்டரி" என்று சொல்லிப் பாருங்கள். "சர்வீஸ் எத்தனை வருஷம் ஆச்சு?" என்றுதான் பெரியவர்கள் உடனே கேட்பார்கள். கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த ஊர்களில் 15 என்ற எண் எல்லாருக்கும் மனப்பாடம். ஜவான் 15 வருஷம் முடித்தால் பென்ஷன். முடிக்காவிட்டால்?

அந்த "முடிக்காவிட்டால்" பற்றித்தான் இந்த முறை உங்களிடம் பேச வேண்டும்.

சாதாரண சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் எல்லாருக்கும் 15 ஆண்டு. அதிகாரிகளுக்கு 20 ஆண்டு. 15 ஆண்டு முடித்த ஜவானுக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி, ஆயுள் முழுக்க. அதோடு டி.ஏ. முன்பெல்லாம் முழுப் பென்ஷனுக்கு 33 ஆண்டு கணக்கு ஒன்று இருந்தது. 2006-க்குப் பிறகு அது போய்விட்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். 15 முடித்தவருக்குப் பாதிச் சம்பளம், 14 முடித்தவருக்கு மாதாமாதம் எதுவுமில்லை. கிராஜுவிட்டி என்று ஒரு மொத்தத் தொகை, அவர் சேர்த்த சேமநிதி, அவ்வளவுதான்.

இதில் வீட்டுப் பெண்களுக்குத்தான் பெரிய அடி. பென்ஷன் வாங்கியவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவரின் மனைவிக்கு அதுவும் கிடையாது. அவரை வெளியே அனுப்பும் ஒரு கையெழுத்தில் இரண்டு பேருடைய வயதான காலமும் போய்விடுகிறது.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போய் 14 வருஷத்தில் வெளியே வரும் பையனுக்கு அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று. பிள்ளைகள் மூன்றாவதோ நான்காவதோ படிப்பார்கள். பென்ஷனை நம்பி வீட்டுக் கடன் வாங்கியிருப்பார். நகையும் அடகில் இருக்கும். துப்பாக்கியும் பனியும் தவிர வேறு தொழில் பழகாத மனிதர், பாதி வாழ்க்கையில் ஊருக்குத் திரும்பி ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும் என்றால், அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியுமா?

எப்படி வெளியே அனுப்பப்படுகிறார்கள்? ராணுவத்தில் 'ரெட் இங்க் என்ட்ரி' என்று ஒன்று உண்டு. தண்டனை பெற்றால் சர்வீஸ் ஆவணத்தில் சிவப்பு மையில் பதிவு. லீவு முடிந்து தாமதமாகத் திரும்பினாலும் அந்தப் பதிவு விழலாம். அம்மாவுக்கு ஆபரேஷன், தங்கைக்குக் கல்யாணம், வெள்ளத்தில் ரயில் ரத்து, இப்படி எத்தனையோ காரணம் இருக்கும். நான்கு பதிவு சேர்ந்தால் வேலையிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்கலாம்.

உண்மையைச் சொன்னால், ஒழுங்கு இல்லாத படையை எந்த நாடும் வைத்திருக்க முடியாது. குடித்துவிட்டுக் காவலுக்கு வருகிறவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நான்கு பதிவு வந்துவிட்டாலே ஆளை அனுப்பிவிடலாம் என்பது ராணுவத்தின் சொந்த விதியிலேயே இல்லை. நீண்ட சர்வீஸ், கடினமான இடங்களில் பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் பார்த்து, தவிர்க்கவே முடியாதென்றால் மட்டும் அனுப்புங்கள் என்று ராணுவத் தலைமையகமே 1988-ல் எழுதி வைத்திருக்கிறது. வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் இதைத்தான் எடுத்துச் சொன்னது. விசாரணை இல்லாமல் நீக்கியது தவறு; பென்ஷனுக்குத் தேவையான காலம் வரை அவர் சர்வீஸில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பு. சம்பள பாக்கி கிடையாது, பென்ஷன் உண்டு.

எனக்கு அந்தத் தீர்ப்பில் நியாயம் தெரிகிறது. செய்த தவறுக்கு உரிய தண்டனையை அவர் அன்றைக்கே அனுபவித்துவிட்டார். ஆயுள் முழுக்கப் பென்ஷன் கிடையாது என்பது எந்த ராணுவ நீதிமன்றமும் அவருக்கு விதிக்காத தண்டனை!

இனி பெண் அதிகாரிகள் விஷயம். இது நம் சென்னைக்கு ரொம்பப் பக்கம். பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான் 1992 முதல் பெண்கள் பயிற்சி எடுத்து 'ஷார்ட் சர்வீஸ்' அதிகாரிகளாகப் போனார்கள். முதலில் ஐந்து ஆண்டு என்றார்கள். பிறகு நீட்டித்து, நீட்டித்து 14 ஆண்டு வரை கொண்டுவந்தார்கள். பென்ஷனுக்கு வேண்டியது 20. நிரந்தரப் பணி பல ஆண்டுகள் ஆண்களுக்கு மட்டும்தான். ராமனுக்கே பதினான்கு வருஷ வனவாசம் முடிந்ததும் பட்டாபிஷேகம் நடந்தது. இவர்களுக்கு வீட்டுக்குப் போகச் சொல்லி ஓர் உத்தரவு!

2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் பெண்களுக்கும் நிரந்தரப் பணி உண்டு என்றது. அப்போது 14 ஆண்டைத் தாண்டியிருந்தவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்காவிட்டாலும், 20 ஆண்டு வரை வேலை பார்த்துப் பென்ஷனோடு போகலாம் என்றும் சொன்னது. விமானப்படையிலிருந்து 2006-க்கும் 2009-க்கும் இடையில் வெளியே வந்த 32 பெண்களுக்கு, 20 ஆண்டு முடித்ததாகவே கருதிப் பென்ஷன் கொடுக்க 2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே வந்தபோது பால் குடித்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருக்கும்.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2010-க்குப் பிறகு ராணுவத்தை ஒரு லட்சத்துச் சொச்சத்திலிருந்து 82,000-ஆகக் குறைத்தபோது, பென்ஷன் தகுதிக்கு ஒட்டி நின்ற வீரர்கள் சிலருக்கும் வேலை போனது. எங்காவது கோடு போடத்தானே வேண்டும் என்பது அங்கே அரசு சொன்ன பதில்.

கோடு வேண்டும்தான். அரசின் கஷ்டமும் புரிகிறது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷனுக்கு மட்டும் சுமார் 1.6 லட்சம் கோடி. சின்னத் தொகையா? ஆனால் 13, 14 வருஷம் உழைத்தவரைக் கோட்டுக்கு வெளியே தள்ளித்தான் இந்தக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டுமா?

வழி இல்லாமலும் இல்லை. 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்திருக்கும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், 25 ஆண்டு முடித்தால் பாதிச் சம்பளம். 10 முதல் 25 ஆண்டுக்குள் என்றால் சர்வீஸுக்குத் தகுந்தபடி குறைத்துக் கொடுப்பார்கள். 10 ஆண்டு முடித்தவருக்கும் மாதம் 10,000 ரூபாய் உறுதி. டெல்லியில் ஃபைல் பார்த்தவருக்கு இப்படிப் படிப்படியாகக் கொடுக்க முடிகிறது. சியாச்சினில் நின்றவருக்கு ஏன் முடியாது?

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணிகள் 4 ஆண்டை முடிக்கும் நேரம் இது. நான்கில் ஒரு பங்கு வரைதான் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீடு திரும்ப வேண்டும். அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்ததுதான். சேரும்போதே சொல்லித்தான் சேர்த்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் 15 ஆண்டுக் கோட்டை எட்டிப் பார்க்கக்கூட முடியாத ஒரு தலைமுறை வந்துவிட்டது. பையனை அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ 14 வருஷம், பதினாலரை வருஷம் என்று வெளியே வந்த பட்டாளத்துக்காரர் இருந்தால் அவரிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள். குறைகிற காலம் ஓராண்டுக்குள் இருந்தால் அதை மன்னித்துப் பென்ஷன் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. தானே கேட்டு வெளியே வந்தவர்களை விதி சேர்ப்பதில்லை. மற்றவர்கள் கேட்டுப் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே வழி பிறக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையிலேயே இருக்கிறது. தாமதித்தால் பழைய பாக்கி பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு மேல் கிடைக்காது. அதனால் இந்த மாதமே போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்