வெறுங்கையோடு மாறாதீர்கள்

எனக்குப் பிடித்த உலாவியில், பிறகு படிக்க வேண்டிய பக்கங்களைத் தனிப் பட்டியலாகச் சேர்த்து வைக்கும் வசதி இருந்தது. ஒரு புதுப்பிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இடுபணிக்காக நான் சேர்த்த இணைப்புகளும் அதோடு போயின. கோபத்தில் வேறு உலாவிக்கு மாறினேன்.

இது புதிதல்ல. 2013-இல் ஓப்ரா குரோமியத்துக்கு மாறியபோது, புத்தகக்குறி உட்படப் பயனர்கள் நம்பியிருந்த பல வசதிகள் மறைந்தன. ஓப்ராவின் நிறுவனர்களில் ஒருவரே பின்னர் விவால்டி என்ற புதிய உலாவியைத் தொடங்கினார். அதன் முதல் பதிப்பு 2016-இல் வந்தது.

நம்மால் உலாவி உருவாக்க முடியாது. ஆனால், புத்தகக்குறிகளை ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வைக்கலாம். மற்ற உலாவிகளும் அதை ஏற்கும். ஒவ்வொரு தவணை முடிவிலும் இதைச் செய்யுங்கள், நண்பர்களே. நான் வெறுங்கையோடு மாறினேன். நீங்கள் அப்படி மாற வேண்டாம்.