வானத்துக் கண் ஒன்றே போதுமா?

எண்ணெய்க் குழாய்களைக் காப்பதற்கு இனி மனிதர் நடக்க வேண்டுவதில்லை, டிரோன் ஒன்றைப் பறக்கவிட்டால் போதும் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் செவிக்கு இனியது. செலவுக் கணக்கு எழுதுவோருக்கு அதனினும் இனியது. ஆயின் நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்து மண்ணில் கால் பதித்து நின்று நோக்குவோர் இதனை ஏற்க மாட்டார்.

போர்ட்டிக்சனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் 1960களில் எழுந்தன. அங்கிருந்தும் மலாக்காவிலிருந்தும் பெட்ரோலும் டீசலும் விமான எரிபொருளும் நிலத்தடிக் குழாய் வழியே சிலாங்கூரின் டிங்கிலைச் சென்றடைகின்றன. பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்த இம்மாநிலத்து நிலத்தின் அடியில் தலைநகரின் வாகனங்களுக்கான எரிபொருள் ஓடுகிறது!

டிரோனின் ஆற்றலைப் பழிப்பது அறியாமை. சதுப்பும் புதரும் மறிக்கும் இடத்தை அது நொடியில் கடக்கும். வெப்பப் படக்கருவியால் எண்ணெய் ஊறிய தரையை வேறுபடுத்திக் காட்டும். லேசர் ஒளியால் மணமற்ற மீத்தேனையும் உணரும். ஆனால் பெருமழையில் அது பறவாது. விமான நிலையத்தை அடுத்த வான்வெளியில் அனுமதியின்றிப் பறக்கச் சட்டம் இடந்தராது. டிங்கிலோ சிப்பாங் விமான நிலையத்திற்கு அண்மையது. இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. கசிவைத் தேடும் கருவி, கசிந்த பின்னரே அன்றோ கூறும்?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானளாவ எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்; வீடுகள் கருகின. குழாயைத் தாங்கிய மண் தளர்ந்தது, தாங்குதல் இழந்த குழாயின் பற்றவைப்பு முறிந்தது என அவ்வாண்டு ஜூன் இறுதியில் விசாரணை அறிவித்தது. அங்கு ஓடியது எண்ணெயன்று, வாயு. எனினும் மண் இளகினால் இரண்டிற்கும் ஒரே கதிதான்.

மண் தாழ்வதையும் வானிலிருந்து அளக்கலாமே என்பர். அளக்கலாம், மீண்டும் மீண்டும் அளந்தால். எவ்விடத்தில் அளப்பது? எந்த ஓடை தூர்க்கப்பட்டது, எந்தக் கால்வாய் மழைதோறும் கரை உடைத்தது என்பதை அறிந்தவர், இருள் பிரியுமுன் பால்வாளி சுமந்து அந்நிரைகளில் நடந்தவரே. லயன் வீடுகள் காலியாகி, அவர்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தபோது அவ்வறிவும் உடன் போயிற்று. அதனைக் கேட்டு எழுதி வைத்தவர் யார்? இன்னும் பலர் உயிருடன் இருக்கின்றனர்; கேட்பதற்குக் காலம் கடந்துவிடவில்லை.

டிரோனை வாங்கட்டும். அதற்காகக் காவல் நடையாளரை வீட்டுக்கு அனுப்புவதே தவறு. இன்று செம்பனைக் குலை வெட்டுவோருள் கடல் கடந்து வந்தோர் மிகப் பலர். கால்வாய் நீரில் எண்ணெய்ப் படலம் மின்னக் கண்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பது அவர்களுக்கு அவர்தம் மொழியில் சொல்லப்பட்டிருக்கிறதா?