சல்லிப் பெட்டி சொல்லாத கணக்கு



அக்கரைப்பற்றிலே அதிகாலையில் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் தாய்மார் இருக்கிறார்கள். தொதல் கிண்டுவோர், அச்சாறு போடுவோர், உடுப்புத் தைப்போர், சந்தையில் மரக்கறி விற்போர் என்று சிறு வியாபாரத்தால் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் இன்னும் பலர். "நேற்று எவ்வளவு இலாபம்?" என்று கேட்டுப் பாருங்கள். பலரும் சல்லிப் பெட்டியைத்தான் திறந்து காட்டுவார்கள். ஆனால் பெட்டியில் இருப்பது இலாபமாகுமா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு சகோதரி ஒரு நாளில் 4,000 ரூபாவுக்குப் பண்டம் விற்கிறார். மா, தேங்காய், எரிவாயு எல்லாமாகச் செலவு 2,600 ரூபா. ஆகவே இலாபம் 1,400 ரூபா. ஆனால் விற்றதில் 800 ரூபா கடனாகப் போய்விட்டது. கைக்கு வந்தது 3,200. அதில் 1,000 ரூபாவை வீட்டுச் செலவுக்கு எடுக்கிறார். மிச்சம் 2,200. மறுநாள் சாமான் வாங்க 2,600 வேண்டும். 400 ரூபா குறைகிறது!

கவனித்தீர்களா? அவர் இலாபத்தை விடக் குறைவாகத்தான் வீட்டுக்கு எடுத்தார். ஆனாலும் மறுநாள் கைமாற்றுக் கேட்கிறார். கொடுத்த கடன் வந்து சேராமல் இப்படியே நாட்கள் போனால், ஒருநாள் வட்டிக்கடன் வாசலில் வந்து நிற்கும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது (2:282). தொகை சிறிதென்று சலித்து விட்டுவிடக் கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது. வட்டியைத் தடுக்கும் வசனங்களை அடுத்தே அது வருவது சிந்திக்கத் தக்கது.

எழுதுவதற்கு ஒரு கொப்பி போதும். கூட்டிக் கழிப்பதற்குத்தான் அலுப்பு. அந்த வேலையைக் கைத்தொலைபேசியிடம் விடலாம். இந்தியாவில் பெங்களூரில் தொடங்கிய காதாபுக், ஓகேகிரெடிட் என்னும் செயலிகள் சிறு கடைக்காரரின் கடன் கொப்பியையே கைத்தொலைபேசிக்குக் கொண்டு வந்தன. இலட்சக்கணக்கானோர் அவற்றைப் பயன்படுத்தினர்.

நமது ஊருக்கு ஏற்ற எளிய ஒன்றை நமது பிள்ளைகளே செய்யலாம். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1996இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பக்கத்து ஒலுவிலில்தான் இருக்கிறது.

அந்த இணையச் செயலியில் ஐந்தே பொத்தான்கள் போதும்: விற்றது, செலவழித்தது, கடன் கொடுத்தது, கடன் திரும்பியது, வீட்டுக்கு எடுத்தது. இரவில் அது இரண்டு தொகைகளைக் காட்ட வேண்டும்: இன்றைய இலாபம் எவ்வளவு? நாளைய முதலுக்குக் கையில் எவ்வளவு? இதற்கு மேல் கேள்விகளைக் கூட்டினால் மூன்றாம் நாளே செயலி மறந்துபோகும்.

செய்யும் பிள்ளைகள் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இணையத் தொடர்பு இல்லாத நேரத்திலும் கணக்கு பதிய வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது, தொடர்பு கிடைத்ததும் கணக்கின் பிரதி ஒன்று வேறிடத்தில் சேமிக்கப்பட வேண்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் நமது கரையோர வீடுகளோடு பத்திரங்களையும் கொப்பிகளையும் கொண்டுபோனதே! மூன்றாவது, இரகசிய எண் இல்லாமல் அது திறக்கக் கூடாது. யார் யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்பது அமானிதம். அடுத்த வீட்டார் கண்ணில் அது படலாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செயலியை மகள் செய்து தரட்டும். ஆனால் கணக்கைப் பதிவது உம்மாவாகவே இருக்கட்டும். மகனிடமோ மருமகனிடமோ கணக்கை ஒப்படைத்துவிட்டால், உழைத்தவளே தன் உழைப்பின் அளவை இன்னொருவரிடம் கேட்டறியும் நிலை வந்துவிடும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுவோருக்காகப் பொத்தான்களில் படங்களைப் போடலாம். எண்களை வாசிக்கத் தெரியாத வியாபாரி ஏது?

செயலி வரும்வரை காத்திருக்க வேண்டாம், சகோதரிகளே! இன்றிரவே ஒரு கொப்பியில் ஐந்து நிரல்களைக் கோடிடுங்கள். ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, "இதை இப்படியே போனில் செய்து தா, மகள்" என்று சொல்லுங்கள். செயலிக்கு வேண்டிய திட்டம் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும்.