புத்தகத்தை மூடிப் படியுங்கள்!

பாசிக்குடாக் கடல் ஆழமற்றது. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டுவது அரிது. நடந்த தூரத்தைக் காட்டிக் கடலையே கடந்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை. ஆனால், பாடநூலைப் பத்து முறை உரக்க வாசித்த பிள்ளை, "படித்து முடித்துவிட்டேன்" என்று சொன்னால் நாம் நம்பிவிடுகிறோம்!

கல்வி உரிமைக்காக எம்மக்கள் நடத்திய போராட்டம் சிறியதன்று. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது தமிழ் மாணவர் கொதித்தெழுந்தனர். பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய பகுதிகளுக்குச் சில இடங்களைத் தந்தது என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்தது; 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூலும் இலவசம். ஆம், நூல் பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. கையிலிருந்து அது கருத்தில் ஏறும் வழி எது? இடத்தைச் சட்டம் பெற்றுத் தரலாம். அறிவை எந்தச் சட்டமும் தராது.

வழியை நம் முன்னோரே வகுத்தனர். பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரம் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் சொன்னதைச் செவ்வனே கேட்டவனுக்குக் கிடைப்பது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும்!

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் அறிஞர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு சாரார் பாடத்தை மீண்டும் மீண்டும் வாசித்தனர். மறுசாரார் வாசித்தபின் நூலைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவரே முந்தினர். ஒரு வாரத்தின் பின்னரோ, எழுதியவரே வென்றனர். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை!

ஆகவே, மாணவர் செய்ய வேண்டியது இதுவே. முதலில் தலைப்புகளையும் பயிற்சி வினாக்களையும் பார்த்து, எதைத் தேடி வாசிக்கிறோம் என்பதை அறிக. ஒரு பகுதியை வாசிக்க. நூலை மூடுக. பழைய கொப்பியொன்றில் சொந்தச் சொற்களில் எழுதுக. பின்னர் நூலைத் திறந்து, விடுபட்டதைக் குறித்து, அதனை மாத்திரம் மீண்டும் கற்க. மறுநாளும், சில நாள் கழித்தும், அடுத்த வாரமும் இவ்வாறே நினைவைச் சோதிக்க. வாய்ப்பாடும் சூத்திரமும் மனப்பாடமாகத்தான் வேண்டும். ஆனால் பொருளறியாத மனப்பாடம் வினா சற்று மாறியவுடன் கைவிட்டுவிடும்.

கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாகனேரிக் குளத்து நீரைப் போகம் முழுவதற்குமாக ஓர் இரவிலே வயலில் திறந்துவிட்டால் நெல் விளையுமா? வரம்புதான் உடையும். பரீட்சைக்கு முதல்நாள் கண்விழித்துப் படிப்பதும் அத்தகையதே.

கற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வழக்கறிஞரும் வைத்தியரும் ஆசிரியரும் வாரத்தில் ஒரு மாலையைத் தம் ஊர் வாசிகசாலைக்குத் தருக. சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு, வினாக்களைத் தொடுத்தாற் போதும். உயர்தர மாணவர் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கட்டும், இருசாராரும் பயனடைவர்.

எழுத்தறியாத தந்தைக்கும் இதில் இடமுண்டு. கல்குடாக் கரையில் வலையைச் செப்பனிட்டபடியே அவர் கேட்கலாம்: "இன்று படித்ததை எனக்குச் சொல்லு, மகன்." தந்தைக்கு விளங்கினால் மகன் கற்றுவிட்டான். எங்கே தடுமாறுகிறானோ, அந்தப் பக்கத்தில் நூலை மீண்டும் திறக்கட்டும்.